நாலு எண்ணிக்கை மௌனம்

வாழ்க, வாழ்க! பனி சூழ் துலூத் மாநகரின் மூன்றாம் வகுப்புக் குலவிளக்கு, முன்பற்கள் இரண்டுக்கும் சென்ற மாதமே விடைகொடுத்த வீராங்கனை, கண் விழித்தது முதல் கண் அயரும் வரை நாவுக்கு ஓய்வளித்தறியாத சொல்லருவி, கிரெட்டா ஹால்வர்சன் வாழ்க! பியானோவின்மேல் குடியிருக்கும் தூசித் தெய்வமே, அவள் பொருத போரைப் பாடும் எமக்குத் தும்மல் வாராது காத்தருள்!

இசையாசிரியை மிஸஸ் பிகலோ, படித்த இசைக்குறிகளைப் பிள்ளைகள் மறவாதிருக்கும் பொருட்டு, பீட்சாப் பெட்டி மூடியில் நத்தைச் சுருளாய் நாற்பது கட்டம் வரைந்து, கட்டந்தோறும் ஒரு சீட்டெடுத்து அது கேட்பதைச் செய்தாலன்றி முன்னேறலாகாதென விதி வகுத்து, "நடுக்கட்டத்துக்கு முதல்ல போறவங்கதான் வசந்த விழாவுல பெரிய முரசு அடிப்பாங்க! இன்னிக்கே ஒரு அடி அடிச்சும் பாக்கலாம்!" என்று முழங்கிய கணமே, செப்டம்பர் முதல் அம்முரசையே கனவில் கண்டு தலையணையைக் குத்திவந்த கிரெட்டாவின் குருதி கொதித்தது.

உருண்டது பகடை. பாய்ந்தது அவள் காயாய் வைத்த நீலப் பொத்தான், யானைப்படை பிளக்கும் வேலென. அதன் குதிகாலை முகர்ந்தபடி தொடர்ந்தது, கேலிக்கணை தொடுப்பதில் நிகரற்ற வகுப்புத் தோழன் டெஸ்மண்டின் சோடா மூடி. நடுக்கட்டத்துக்கு முந்தைய கட்டத்தில் கிரெட்டா எடுத்த சீட்டிலோ, இசைக்கோட்டின் கீழ் வௌவாலாய்த் தொங்கிற்று ஒரு கறுப்புக் கட்டை. நாலு எண்ணிக்கை வாய் திறவாதே என்பது அதன் பொருள்!

ஆசிரியை எண்ணலானார். ஒன்று. இரண்டு.

"ஏய், உன் ஷூ லேஸ் அவுந்துருக்கு," என்றான் டெஸ்மண்ட்.

"என் ஷூவுல லேஸே இல்லடா, மக்கு!"

வீழ்ந்தாள் கோமகள். ஆட்டம் கைமாறியது. அதே கட்டத்தை எட்டிய டெஸ்மண்டின் சீட்டில், ஐந்து கோடுகளின் தலைவாயிலில் சுருண்டு நிற்கும் ட்ரெபிள் கிளெஃப் என்னும் குறி தன் பெயர் கேட்டுத் தோன்ற, ஏரிக்கரையில் வளர்ந்த அவ்வீரன் மார்தட்டி, "மீன் தூண்டில், மிஸ்!" என்றான். அவனும் வீழ்ந்தான்.

மீண்டும் கிரெட்டா. மீண்டும் அதே வௌவால். ஒன்று: உதடுகள் கோட்டைக் கதவென அடைபட்டன. இரண்டு: "வெடிக்கப்போறா, வெடிக்கப்போறா!" என்று டெஸ்மண்ட் கூவ, கன்னங்கள் புயற்பாயெனப் புடைத்தன. மூன்று: எட்டாண்டுக் காலத்தில் முதன்முறையாகச் சொல்ல நினைத்ததைச் சொல்லாதிருக்கும் வேதனையில் விழிகள் குளமாயின, காதுமடல் சிவந்தது. நான்கு!

வென்றாள், வாய் வென்ற வஞ்சி! தொண்டையில் சிறைப்பட்ட சொற்படை யாவும் தோள்வழி இறங்கித் தடியில் திரள, பகைவர் நெஞ்சும் பலகணியும் ஒருங்கே அதிர, ஏரியில் உறங்கிய பனிப்பாளமும் விழித்தெழ, அறைந்தாள் முரசை, ஆழி முழங்கிற்றென்ன!

பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து கதவைச் சாத்திவிட்டுப் போனார்.