ஊர் கூடி ஓட்டுப்போட்டு என்னைத் திருடனாக்கியது பற்றி

வெஸ்ட் டார்லி, வெர்மாண்ட்
ஊர்க்கூட்டத்துக்கு மறுநாள்

அன்புள்ள தங்கை நடீனுக்கு,

அண்ணன் ஹார்லன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மேவிஸும் சுகம். நியூயார்க்கில் நீயும் உன் இரண்டு பூனைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மரியாதை இத்தோடு முடிந்தது.

உன் முதல் நாவல் காகித ஆலை வேலைநிறுத்தம் பற்றி வந்தது. பத்திரிகைகள் உன்னை உழைப்பவர்களின் குரல் என்றன. ஆலையில் மேஸ்திரியாக இருந்த சித்தப்பா அன்றோடு நம் வீட்டுப் படியேறுவதை நிறுத்தினார். இரண்டாவது, ஆப்பிள் பறிக்க வரும் மெக்சிகோக்காரர்களைப் பற்றி. உனக்குப் பரிசு கிடைத்தது, எனக்குத் தோட்டத்து முதலாளி ஆப்பிள் தருவதை நிறுத்தினான். மூன்றாவது போரைப் பற்றி. அதில் யார் யார் கோபித்துக்கொண்டார்கள் என்று எழுதத் தாள் பத்தாது. நான் ஒரு வார்த்தை கேட்டேனா? தங்கச்சி பெரிய எழுத்தாளர், அரசியல் எழுதுகிறாள், எழுதட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். நான்காவதில் என் தலையிலேயே கைவைத்துவிட்டாய்.

நான் அதை இன்னும் படிக்கவில்லை. எதற்குப் படிக்க வேண்டும்? ஊரே எனக்குப் படித்துக் காட்டிவிட்டது. ஒரு மலையடிவார ஊராம். அந்த ஊர் ஊற்றைத் தண்ணீர்க் கம்பெனி விலைக்குக் கேட்கிறதாம். ஊர்க்கூட்டத்தில் 'ஆம்' என்பவர்கள் ஒருமுறை கத்துகிறார்கள், 'இல்லை' என்பவர்கள் ஒருமுறை கத்துகிறார்கள், எது பெரிய சத்தம் என்று தலைவர் காதால் கேட்டுச் சொல்ல வேண்டும். 'இல்லை' என்று கூரை அதிர்கிறது. அந்த ஆள் கூசாமல் 'ஆம்' ஜெயித்தது என்று மரச்சுத்தியலைத் தட்டிவிடுகிறானாம். அவன்மேல் இருந்த நம்பிக்கையில், தலையை எண்ணச் சொல்லி ஒருவரும் எழுந்திருக்கவில்லையாம்.

இந்த ஊரில் சுத்தியல் பிடிப்பவன் யார்? நான். எனக்கு முன்னால் அப்பா. அவர் படம் கூட்டம் நடக்கும் கூடத்தில் என் தலைக்கு நேர் மேலே மாட்டியிருக்கிறது. ஊரில் தகராறு வந்தால் இன்றைக்கும், "டெல்மர் பெல்ரோஸ் இருந்தா இப்படி நடக்குமா?" என்றுதான் கேட்கிறார்கள். அந்த மனிதர் சம்பாதித்த பெயரைத்தான் நீ சந்தி சிரிக்க வைத்திருக்கிறாய்.

நேற்றுக் காலை கூட்டத்துக்குப் போனால் என் மேசைமேல் காது குடையும் பஞ்சுக்குச்சி ஒரு டப்பா. தபாலாபீஸ் வினோனாவின் வேலை. பார்க்காததுபோல ஆரம்பித்தேன். பனி தள்ளும் வண்டிக்குப் புது டயர் வாங்கலாமா என்று கேட்டேன், எல்லாரும் 'ஆம்' என்று கத்தினார்கள், அப்படியே அறிவித்தேன். மாட்டுப்பண்ணை எல்வுட் எழுந்தான். "ஹார்லன், உனக்கு சரியாத்தான் கேட்டுச்சா? எதுக்கும் தலைய எண்ணிடுவோம்பா." எண்ணினோம். ஒருத்தர்கூட எதிர்ப்பில்லை. கல்லறை வேலிக்கும் எண்ணினோம், நூலக ஜன்னலுக்கும் எண்ணினோம், எண்ணி எண்ணியே பன்றித்தொடைக் கறியும் பீன்ஸும் ஆறிப்போய், சமைத்த பெண்கள் என்னை எரித்துவிடுவதுபோலப் பார்த்தார்கள்.

அதோடு விட்டதா? சாப்பாடு முடிந்ததும் மேவிஸ் எழுந்து நிற்கிறாள், நான் கண்ணைக் காட்டுகிறேன், கையைக் காட்டுகிறேன், உட்காரமாட்டேன் என்கிறாள். "அந்த நாவல்ல வர்ற ஆளு என் புருஷன் இல்லைன்னு இந்தக் கூட்டம் தீர்மானம் போடணும்!" எல்வுட், "பாவம் அந்தம்மா, நான் வழிமொழியிறேன்" என்றான். விதிப்படி நான் தடுக்க முடியாது. தீர்மானத்துக்கு 'ஆம்' சொல்பவர்கள் சொல்லலாம் என்றேன். மேவிஸ் சொன்னாள். பாதிரியார் சொன்னார். 'இல்லை' சொல்பவர்கள் என்றேன். நடீன், ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. விளையாட்டாகத்தான் கத்தினார்கள், சின்னப் பிள்ளைகள்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தின.

நான் என்ன செய்வது? 'ஆம்' ஜெயித்தது என்று பொய் சொன்னால் அந்த ஆளே நான்தான் என்று ருசுவாகிவிடும். நிஜத்தைச் சொன்னாலும் நான்தான். அப்பா படத்துக்குக் கீழே நின்றுகொண்டு, தீர்மானம் தோற்றது, அந்தத் திருடன் நானேதான் என்று என் வாயாலேயே அறிவித்து, சுத்தியலையும் நானே தட்டினேன். கைதட்டுறாங்க, நடீன்! அடுத்த மார்ச்ல ஊர்க்கூட்டம் கூடுற வரைக்கும் அதை யாராலும் மாத்த முடியாது.

வயிறு எரியுது. நான் ஒரு ஓட்டையாவது மாத்திச் சொல்லியிருக்கேனா? உனக்கு ஒரு வில்லன் வேணும்னா ஊர்ல ஆளா இல்ல? ஒழுங்கா பேப்பர்ல பெரிய எழுத்துல எழுதிப்போடு, அது எங்கண்ணன் இல்லைன்னு. அதுவரைக்கும் இந்த வீட்டு வாசப்படி மிதிக்காதே. வருஷாவருஷம் அனுப்புற மேப்பிள் மரத்துப் பாகும் இந்தத் தடவை கிடையாது. வெறும் ரொட்டியைத் தின்னு.

ஆண்டவர் உன்னையும் உன் பூனைகளையும் நல்லபடியாக வைக்கட்டும். உன் பேனாவை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
அண்ணன் ஹார்லன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால், திட்டுவதற்கு இன்னும் நாலு விஷயம் கிடைக்குமே என்று மேவிஸ் வாங்கி வைத்திருந்த உன் நாவலை எடுத்துக்கொண்டு பாகு காய்ச்சும் கொட்டகையில் உட்கார்ந்தேன். படித்து முடிப்பதற்குள் பாகு அடிப்பிடித்துவிட்டது. அந்த ஆள் சுத்தியலைத் தட்டுவதற்கு முன்னால் காது மடலைத் தேய்த்துக்கொள்கிறான். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. யாருக்கு உண்டு என்று உனக்கும் தெரியும்.

நம் மலையைப் பனிச்சறுக்குக் கம்பெனிக்குக் கொடுத்த வருஷம் நான் கூடத்தின் பின்வரிசையில் நின்றேன். ஓட்டுப்போடும் வயசு எனக்கு வரவில்லை. 'இல்லை'தான் பெரிசாகக் கேட்டது. அப்பா 'ஆம்' ஜெயித்தது என்று சுத்தியலைத் தட்டினார். அப்பா தப்பாகச் சொல்வாரா, என் காதில்தான் கோளாறு என்று இத்தனை வருஷம் இருந்துவிட்டேன். நீ பலகார மேசைக்கு அடியில் விளையாடிக்கொண்டிருந்தாய். உனக்கும் கேட்டிருக்கிறது.

பேப்பர்ல ஒண்ணும் எழுதாதே. யார் கேட்டாலும் அது ஹார்லன்தான்னு சொல்லிடு, ஊரே ஓட்டுப்போட்டாச்சு. பாகு தனியா அனுப்பியிருக்கேன். கொஞ்சம் கருகல் வாடை அடிக்கும்.