கேட்டால் இல்லையென்று சொல்லாத தீவிலிருந்து

அபதூனு தீவு,
கப்பல் கண்ணில் பட்ட மறுநாள்.

பாசமும் அதட்டலும் சரிபாதியாகக் கலந்த என் அக்கா லானாவுக்கு, உன் ஒரே தம்பி ஆர்லன் எழுதுவது. இங்கே நான் வயிறு நீங்கலாக நலம். அங்கே நீயும், முக்கியமாக உன் வயிறும், நலமாக இருக்க ஆண்டவர் அருள்வாராக. டெரெல் அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். நாயிடம் எதுவும் சொல்ல வேண்டாம். அதற்கு என்னை அடையாளம் தெரிகிறதா என்று நானே நேரில் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

ஆமாம் அக்கா, நேரில்தான். நான் வருகிறேன். என் ஊழியக் காலம் முடிந்தது, கப்பல் வந்துவிட்டது, அதில் எனக்கு ஓர் இடமும் கிடைத்துவிட்டது. ‘நீயே வரும்போது கடிதம் எதற்கடா, தண்டச்செலவு’ என்பாய். தலைநகரான தாராவாவில் மிஷன் ஆபீஸ் சாமான்களை ஒப்படைத்து, ஒவ்வொன்றும் எங்கே போயிற்று என்று விளக்கம் சொல்லி, விமானத்துக்காகக் காத்துக் கிடக்க வேண்டும். கடிதத்துக்கு அந்தத் தொல்லை கிடையாது, எனக்கு முந்திக்கொண்டு வந்துவிடும். நீ வலியில் படுத்திருக்கும்போது ‘அவன் எங்கே வரப்போறான்’ என்று அழக்கூடாது பார். உனக்குக் குழந்தை பிறக்கும்போது கட்டாயம் கூட இருப்பேன் என்று, ஊழியத்துக்குக் கிளம்பிய அன்றே பஸ் நிலையத்தில் வாக்குக் கொடுத்தவன் நான். அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது என்னைத் தூக்கி வளர்த்தவள் நீ. நான் முதல் அடி எடுத்து வைக்கப் பார்த்தபோது, அப்பா உருளைக்கிழங்கு லாரியோடு வெளியூர் போயிருக்கிறார், அவர் பார்க்காமல் பிள்ளை நடக்கக்கூடாது என்று நான் எழும்போதெல்லாம் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தவளும் நீதான். என் பின்பக்கம் தட்டையாகப் போனதற்கு அதுவே காரணம் என்று அத்தான் இன்றைக்கும் சொல்கிறார். அப்படிப்பட்ட உனக்குக் குழந்தை பிறக்கும்போது, வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்து எல்லோருக்கும் இடைஞ்சலாக இருக்க நான் வேண்டாமா?

விளக்கம் என்றேனே, அந்தக் கதையைக் கேள். இந்த ஊரில் ஒருவர் உன்னிடம் வந்து ஒரு பொருளைக் கேட்டால் நீ இல்லை என்று சொல்ல முடியாது. அதற்குப் புபூசி என்று பெயர். ‘எனக்கு உங்க குடை வேணும், இது புபூசி’ என்று சொல்லிவிட்டால் அந்தக் குடை அவருடையது. வந்த புதிதில் இதெல்லாம் தெரியாமல், கடிகாரம் கேட்டவரிடம் நான் இல்லை என்று சொல்லித் தொலைத்தேன். அவர் கோபித்துக்கொண்டால்கூடப் பரவாயில்லை. ஐயோ பாவம் என்று என்னைப் பார்த்தார். அவர் மனைவி எனக்காக வெட்கப்பட்டு அழுதார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வீடு எனக்கு அவித்த ஈரப்பலா கொண்டுவந்து வைத்தார்கள், ஏதோ தீராத நோய்க்காரனுக்கு வைப்பதுபோல. மறுநாள் காலை நானே ஓடிப்போய் அந்தக் கடிகாரத்தை அவர் கையில் திணித்தேன். அணை உடைந்தது. குடை போயிற்று, கொசுவலை போயிற்று, சைக்கிள் போயிற்று, சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்பு மட்டும் கொஞ்ச நாள் இருந்தது, பிறகு அதுவும் போயிற்று. கறுப்புக் கால்சட்டையை ஒரு மாப்பிள்ளை கேட்டு வாங்கினார். அன்றிலிருந்து லுங்கியில்தான் பிரசங்கம். கண்ணாடியை ஞாயிற்றுக்கிழமைகளில் பாடகர் குழுப் பெரியவர் போட்டுக்கொள்வதால் வேதத்தைப் பார்த்து வாசிக்க வழியில்லை, தெரிந்ததைச் சொல்லி ஒப்பேற்றுகிறேன். போன மாதம் நோவாவைத் திமிங்கிலம் விழுங்கிவிட்டது. யாரும் ஆட்சேபிக்கவில்லை. பெரியவர் மட்டும் என் கண்ணாடிக்குள்ளிருந்து என்னைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தார்.

எல்லாரையும்விடத் தாராளமாகக் கேட்டு வாங்கியவர் கப்பலின் என்ஜின்காரர் இயோதேபா. இந்த ஊர்க்காரர்தான். உன் கடிதங்களை எண்ணெய் படாமல் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்து தருகிறவரும் இவரே, அதனால் எனக்கு இவர்மேல் கோபமே வராது. என் ரேடியோவைக் கேட்டார், ஷூவைக் கேட்டார், கொடுத்தேன். வலது ஷூ இவர் காலில் இருக்கிறது, இடது ஷூவை மச்சினன் கேட்டாராம். இவருடைய மனைவி கயேவா ஒருபடி மேலே போய் உன் புகைப்படத்தைக் கேட்டார்! நீ சமையலறையில் என் கழுத்தில் துண்டைக் கட்டி முடி வெட்டுகிற படம். கொடுக்காமல் என்ன செய்வது? இப்போது அது அவர்கள் குடிசைத் தூணில் தொங்குகிறது. உன்னைப் பார்க்க வேண்டும்போல் இருந்தால் நான் அங்கே போய் நிற்கிறேன். கயேவாவுக்கும் இது முதல் பிரசவம். உனக்குக் குழந்தை என்று எழுதியிருந்தாயே, அன்றைக்குத் தன் வயிற்றைத் தடவிக்கொண்டே கேட்டார்:

“ஏன் தம்பி, உங்கக்கா வயிறு பெருசா, எனக்குப் பெருசா?”

“எனக்கு எப்படிக்கா தெரியும்? அவங்க அங்க இருக்காங்க, நான் இங்க இருக்கேன்.”

“சரி, அழாத. ஆம்பளப் பிள்ளை அழுதா மீனு கரைக்கு வராது.”

நான் அழவில்லை அக்கா. மீன் அன்றைக்கு வரவில்லை என்பது வேறு விஷயம்.

நம் ஊரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது குளிர். இங்கே வெயில் காலம், மழைக் காலம் என்று சொல்கிறார்கள், இரண்டுக்கும் ஒரே புழுக்கம்தான். எனக்குப் பல் கிட்டவேண்டும். காலையில் ஜன்னல் கண்ணாடியில் பனி பூத்திருக்க, ‘எழுந்திருடா, பைப்பு உறைஞ்சு போச்சு’ என்று நீ போர்வையை உருவ வேண்டும். உருளைக்கிழங்குக் கிடங்கின் ஈர மண் வாசனை வேண்டும். ஒரு டம்ளர் குழாய்த் தண்ணீர், பல் கூசும்படி, வேண்டும். காலையில் காலி கேஸ் சிலிண்டரை மணியாக அடித்து ஊரை ஜெபத்துக்குக் கூப்பிடுவது என் வேலை. ஒவ்வொரு அடிக்கும் கண்ணை மூடிக்கொண்டு நம் வீட்டுக் கதவு சாத்துகிற சத்தமாக நினைத்துக்கொள்வேன். இதையெல்லாம் இதுவரை எழுதவில்லை, நீ கவலைப்படுவாய் என்று. இப்போதுதான் வருகிறேனே, சொன்னால் என்ன?

சரி, இடம் கிடைத்த கதை. கப்பல் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், உள்ளே கொப்பரை மூட்டைகள் கூரைவரைக்கும். கேப்டன் தெகாய் என்னைப் பார்த்ததும் கையை விரித்துவிட்டார்.

“தம்பி, மூட்டைக்கே இடமில்ல. மேல ஆள ஏத்தினா கவுந்துரும். என் படுக்கை ஒண்ணுதான் மிச்சம், அதுல நான் படுக்கணும்.”

“அடுத்த கப்பல் எப்ப கேப்டன்?”

“ஈஸ்டருக்கு வந்துரும்.”

“எந்த ஈஸ்டருக்கு?”

“அது ஆண்டவர் சித்தம். நீதான அதைப் பத்திப் பிரசங்கம் பண்ற?”

நான் கரையில் உட்கார்ந்துவிட்டேன். என்னோடு ஊழியம் செய்கிற டோங்காத் தீவுக்காரன் செமிசி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“ஏண்டா, நீயும் கேக்கலாமே.”

“என்னத்த?”

“அவர் படுக்கைய. புபூசி அவங்களுக்கு மட்டுமா? நீயும் இந்த ஊர்ல சாப்பிட்டவன்தான?”

“இத ஏண்டா இத்தனை நாளாச் சொல்லல?”

“நீ கேக்கவே இல்லியே!”

என் குடையும் கொசுவலையும் கண்முன் வந்து போயின. இருக்கட்டும் என்று எழுந்து போய், ஊரே பார்க்க, “கேப்டன், உங்க படுக்கை எனக்கு வேணும், இது புபூசி” என்றேன். தெகாய் வானத்தைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார், செமிசியைக் கொன்றுவிடுவதுபோல் பார்த்தார். பிறகு, “எடுத்துக்க” என்று சொல்லிவிட்டுத் தலையணையை மட்டும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தார். ஊர் கை தட்டியது. ஒரு பாட்டி என் கன்னத்தைக் கிள்ளி, “இப்பத்தான் மனுசனாயிருக்கான்” என்றார்.

நேற்று ஊர்க் கூடத்தில் எனக்கு வழியனுப்பு விழா. ஆடச் சொன்னார்கள், ஆடினேன். ஆடுகிறவர் தலையில் பவுடர் கொட்டுவது இங்கே மரியாதை. என்மேல் எல்லோருக்கும் மரியாதை அதிகம். டப்பா டப்பாவாகக் கொட்டினார்கள். முடி, புருவம், தோள் எல்லாம் வெள்ளை. இரண்டு வருஷத்தில் நான் பார்த்த ஒரே பனி அதுதான். சிரித்துக்கொண்டே இருந்தவன் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. பவுடர் கண்ணில் விழுந்துவிட்டது என்றேன். அதை நம்புகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்கள்.

என் பெட்டியைக் கட்டி முதல் ஆளாகக் கப்பலில் ஏற்றியாயிற்று. வாசற்படியில் பனி வழிக்காமல் வை, நான் வந்து வழிக்கிறேன். உன் பிரசவம் சுகமாகவும், குழந்தை உன் குணத்தில் பாதியும் அத்தான் பொறுமையில் முழுவதும் பெற்று நலமாகவும் பிறக்க, நடுக்கடலிலிருந்து வேண்டிக்கொள்ளும்,

உன் தம்பி,
ஆர்லன்.

பி.கு.: மேலே இருப்பதை முழுவதும் படித்துவிட்டாயா அக்கா? இப்போது அதை மறந்துவிடு. நான் வரவில்லை.

இன்று காலை கரைக்கு வந்ததிலிருந்தே ஏதோ சரியில்லை. யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கிளம்புகிற ஆளிடம் கடைசியாகக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள் என்று தொப்பியைத் தலையில் வைத்தே போனேன். ஒருவர் தொப்பியைப் பார்த்தார், உடனே கண்ணைத் திருப்பிக் கடலைப் பார்த்தார். பாடகர் குழுப் பெரியவர் என் கண்ணாடியைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். திருப்பிக் கொடுத்தார் அக்கா! எனக்கே பயமாகிவிட்டது. செமிசியைப் படகுக் கொட்டகைப் பக்கம் இழுத்துப்போய் உலுக்கினேன். கொட்டகைக்குப் பின்னால் கயேவா, சுருட்டிய பாய் ஒன்றோடு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. செமிசி உண்மையைக் கக்கிவிட்டான்: அவருக்குக் குழந்தை வயிற்றில் குறுக்கே படுத்திருக்கிறதாம். இப்போதே தாராவா ஆஸ்பத்திரிக்குப் போய்விடச் சொல்லி நர்ஸ் அம்மா நேற்றே சொல்லிவிட்டாராம். அடுத்த கப்பல் வரைக்கும் தாங்காது. இந்தக் கப்பலில் ஒரே ஓர் இடம். அது என்னுடையது.

புருஷன் இதே கப்பலின் என்ஜின்காரர். மூச்சு விடவில்லை. ஓடிப்போய் இயோதேபாவைப் பிடித்தேன்.

“அண்ணே, ஷூவைக் கேட்டீங்க, ரேடியோவைக் கேட்டீங்க. இத ஏன் கேக்கல?”

“யாரு சொன்னது, அந்த டோங்காக்காரனா? நீ ஏறு தம்பி. உங்கக்கா காத்துக்கிட்டு இருப்பாங்க.”

“ஏன் கேக்கலன்னு சொல்லுங்க.”

அவர் எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“கேட்டா நீ குடுத்துருவ. அதான் கேக்கல. ஊர்ல யாரும் கேக்கக்கூடாதுன்னு பேசி வச்சிருக்கோம்.”

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? செமிசி வாயைத் திறக்காமல் இருந்திருக்கக்கூடாதா என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. ஏறிப் படுத்துக்கொண்டால் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள், கையாட்டி அனுப்புவார்கள். நான் கப்பலைப் பார்த்தேன். உன்னை நினைத்தேன். பிறகு கொட்டகைக்குப் பின்னால் போனேன்.

“கயேவாக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.”

“வேணாம் தம்பி. எனக்குத் தெரியும். வாயைத் திறக்காத.”

“நீங்க போய்க் கேப்டன் படுக்கையில படுக்கணும். இது புபூசி.”

“இது அழுகுணி ஆட்டம்! குடுக்கிறதுக்கு எவனாவது புபூசி கேப்பானா?”

அழுதார், திட்டினார், செமிசியையும் சேர்த்துத் திட்டினார், கடைசியில் என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கேட்டாயிற்று, இல்லை என்று சொல்ல முடியாதே. உன் படத்தைத் தூணிலிருந்து எடுத்துவரச் சொல்லி மடியில் வைத்துக்கொண்டார், துணைக்கு. உன் குழந்தைக்கென்று முடைந்து என்னிடம் கொடுத்தனுப்ப வைத்திருந்த அந்தச் சின்னப் பாயையும் கொண்டுபோகிறார், தாராவாவிலிருந்து அனுப்புவாராம். கேப்டன் தலையணையோடு நின்றுகொண்டு, “என் படுக்கையை ஆளாளுக்கு வாங்கறீங்க, எனக்கு எவனாவது எதாவது குடுக்கறானா?” என்றார். கேட்டால்தானே என்றேன். தொப்பியைக் கேட்டார். கொடுத்துவிட்டேன்.

என் பெட்டி கொப்பரை மூட்டைகளுக்கு அடியில் மாட்டிக்கொண்டதால் அது மட்டும் ஊழியத்தை முடித்துக்கொண்டு தாராவா போகிறது. நான் கட்டிய லுங்கியோடு கரையில் நிற்கிறேன். சபைக்கு எழுதி இன்னும் கொஞ்ச காலம் இங்கேயே இருக்க அனுமதி கேட்க வேண்டும். கேட்பதற்கு இப்போது நன்றாகப் பழகிவிட்டது. இயோதேபா இந்தக் கடிதத்துக்காகப் பக்கத்தில் நிற்கிறார், எழுதி முடித்ததும் பேனா தனக்கு வேண்டும் என்கிறார். அப்பாடா, பழையபடி கேட்க ஆரம்பித்துவிட்டார்.

மை தீர்வதற்குள் உன்னிடமும் ஒன்று கேட்டுவிடுகிறேன். புபூசிதான், மாட்டேன் என்று சொல்லக்கூடாது. எந்த ஈஸ்டருக்குக் கப்பல் வருமோ தெரியாது. அப்பா வரும்வரை என்னைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தாயே அக்கா, அதேபோல், நான் வரும்வரை குழந்தையை நடக்க விடாதே.