தோவரேனும் வறுக்கிற மெஷினும்

மெஷின் வாங்கப் போய், அதைத் திரும்பியும் பார்க்காமல் ரோட்டில் நின்று சோதித்த ஒரே மனிதர் உலகத்திலேயே எங்கள் மேற்கு மாம்பலம் தோவரேன்தான். இதில் யாரும் என்னோடு சண்டைக்கு வர வேண்டாம்.

காபிப்பொடிக் கடைக்காரர். நிஜப்பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது. கால் கிலோ பொடி கேட்டால் தராசில் பாதியைக் கொட்டிவிட்டு, "தோ வரேன்" என்று எங்கேயோ போய்விடுவார். திரும்பும்போது கையில் கொத்தமல்லிக் கட்டு இருக்கும். எதற்குப் போனார் என்பது அவருக்கே மறந்திருக்கும். மீதிப் பொடியைப் போட்டுத் தருவது அவர் மனைவி வசந்தாக்கா. வெளியிலிருந்து வறுத்து வரும் கொட்டையை முகர்ந்து பார்த்து, "இது ஆவாது, திருப்பி அனுப்பு" என்பதும் அக்காதான். கடையே அந்த மூக்கை நம்பித்தான் நடந்தது.

அந்த மூக்கு ஒரு காய்ச்சலில் அடைத்துக்கொண்டது. காய்ச்சல் போயிற்று, வாசனை திரும்பவில்லை. "வெந்நீ குடிக்கிறாப்பல கீது சார்" என்று அக்கா காபியை நிறுத்தினார். அப்புறம் கடைக்கு வருவதையும் நிறுத்திவிட்டார்.

தினமும் வாசனையான பொருள்களை முகரச் சொன்னார் டாக்டர். வேறு யாராவது என்றால் நாலு கிராம்பும் ஒரு முழம் மல்லிகையும் வாங்கியிருப்பார்கள். தோவரேன் கொட்டை வறுக்கிற மெஷின் வாங்கக் கிளம்பினார்.

"வெளிய வறுத்தா பாதி வாசனை வழியிலயே பூடுது சார். கடையிலயே வறுத்தா அவ மூக்கு தொறந்துக்கும். நீங்களும் வாங்க."

"நான் எதுக்குங்க?"

"உங்ககிட்ட கார் கீது. அதும் இல்லாம எழுதுறவரு, சும்மாதானே இருப்பீங்க."

முதலில் நந்தனம். டை கட்டிய விற்பனையாளர் பளபளவென்று ஒரு மெஷினைக் காட்டினார். "புகையே வராது சார். வாசனைகூட வெளிய போகாது. அக்கம்பக்கத்துல ஒரு கம்ப்ளெயின்ட் வராது."

"வாசனை வராத மெஷினை வெச்சுகினு நான் இன்னா பண்றது நைனா? பொட்டு வெச்சு கும்புடவா?"

அடுத்தது அடையாறு. அங்கே ஒருவர், டிரம்முக்குள் சூடு ஏறுவதை போனில் கோடு கோடாகக் காட்டிக்கொண்டிருந்தார். பாதியில் "தோ வரேன்" என்று தோவரேன் மாயம். எட்டிப் பார்த்தால், எங்களோடு காரில் வந்த அக்காவை எதிர்ப்பக்க பஸ் ஸ்டாப்பில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார வைத்திருந்தார். ரோட்டுக்கு இந்தப் பக்கமிருந்தே கத்தினார்: "வசந்தா, வருதா?"

"வரல சார். நானும் அரை மணியா நின்னுகினுகீறேன்" என்றார் பஸ்ஸுக்கு நின்ற ஒருவர்.

ஸ்டூலும் அக்காவும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்தார்கள். கடைசியில் அக்கா டிரம்முக்குள் தலையை விடாத குறைதான். ஒன்றும் வரவில்லை. எனக்குத்தான் தும்மல் வந்தது.

திரும்பும்போது அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "போதும்யா. கடையைக் குடுத்துட்டு வேற எதுனா பாக்கலாம்." சிக்னலில் கார் நின்றபோதுகூட தோவரேன் "தோ வரேன்" என்று இறங்கவில்லை.

ஆனால் மறுவாரமே நங்கநல்லூர். அங்கே ஒருவர் தன் பட்டறையில் சொந்தமாக மெஷின் செய்து விற்கிறார். அக்கா ஸ்டூலில் உட்கார மறுத்து, தெரு திரும்பி நிறுத்தியிருந்த காரிலேயே இருந்துகொண்டார். பட்டறைக்காரர் கேஸைப் பற்றவைத்து, கொட்டையைப் போட்டார்.

"படபடன்னு வெடிக்கும். உடனே டிரம் கதவைத் தொறந்து கொட்டிடணும். அதுவரைக்கும் இங்கயே நில்லுங்க."

தோவரேனை நிற்கச் சொன்ன பாவத்துக்கு உடனே கூலி கிடைத்தது. "புகைக்குழாய் எங்க போவுது?" என்று பட்டறைக்காரரின் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்துப் போய்விட்டார். குழாய் கூரைக்கு மேலே போக வேண்டும் என்கிறார் பட்டறைக்காரர். இவரோ கடைக்குப் பின்னாடி கீற எங்க வீட்டு சமையல்கட்டு ஜன்னலுக்குத் திருப்பு என்கிறார். உள்ளே கொட்டை வெடித்தது. எதைத் திருகுவது என்று தெரியாமல் நான் மெஷினைச் சுற்றி வந்தேன். அவர்கள் ஓடி வருவதற்குள் எல்லாம் கரி.

அப்போது தெரு திரும்பி அக்கா வேகமாக வந்தார். கார் நின்ற இடத்திலிருந்து பட்டறையும் தெரியாது, புகையும் தெரியாது.

"இன்னாய்யா, எதுவோ தீயுது" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. அப்படியே நின்றுவிட்டார்.

பட்டறைக்காரர் பாவம், "வேற கொட்டை போட்டு நல்லா வறுத்துக் காட்றேன் சார்" என்று கெஞ்சினார்.

"வேணாம் நைனா. இதே மெஷினு, இதே குழாய். வண்டியில ஏத்து" என்றார் தோவரேன். சொல்லும்போதே அழுதுவிட்டார். நானும்தான். புகை மேல் பழியைப் போட்டுத் தப்பித்தேன்.

இப்போது மெஷின் கடையில் ஓடுகிறது. அதன் பக்கத்தில் அக்கா உட்கார்ந்திருக்கிறார். வெடிக்கும் சத்தத்தைக் கேட்டுக் கதவைத் திறப்பதும் அவர்தான். போன வாரம் பொடி வாங்கப் போனபோது தோவரேன் வழக்கம்போல வெளியே போயிருந்தார்.

"சார், எனக்குத் தீயுற வாசனை மட்டுந்தான் வருது. காபி வாசனை இன்னும் வரல. அவருகிட்ட சொல்லிடாதீங்க. மறுபடியும் மெஷின் பாக்கக் கெளம்பிடுவாரு."

அதற்குள் அவர் கொத்தமல்லிக் கட்டோடு வந்துவிட்டார். "வசந்தா, வருதா?"

"வருதுய்யா. கமகமன்னு கீது."

சொல்லாதே என்றதைப் பத்திரிகையிலேயே போட்டுவிட்டாயே என்பீர்கள். ஒரு பக்கத்தை முழுசாக உட்கார்ந்து படிப்பவரென்றால் அவர் தோவரேனே இல்லை. இதற்குள் பாதியில் எழுந்து போயிருப்பார், அக்காவிடம் "வருதா?" என்று கேட்க.