காலருக்குப் பின்னால் ஒரு குண்டூசி

நடுநிலையாளர் என்றோர் இனம் உண்டு. அமெரிக்காவில், அயோவாவின் சோள வயல்களுக்கு நடுவே எந்த நீதிமன்றத்துக்குப் போனாலும், தீர்ப்புச் சொல்லும் ஜூரிக்கு ஊர்மக்களிலிருந்து ஆள் எடுக்கும் திங்கட்கிழமை காலையில், முன்வரிசையில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருப்பார். எங்கள் ஊரில் அவர் பெயர் வெண்டல் ஹாவர்கேம்ப். டிராக்டர் விற்று ஓய்வு பெற்றவர்.

கூரை வேலை செய்யும் லானி, பழைய முதலாளியின் கொட்டகைக்குத் தீ வைத்தான் என்று வழக்கு. நிரூபணமானால் பத்து வருஷம். அவன் உள்ளே நுழைந்ததுமே ஹாவர்கேம்ப் கவனித்துவிட்டார்: சட்டையில் மடிப்புக் கோடுகள். அன்றைக்குத்தான் பிரித்த புதுச் சட்டை. தப்பு செய்யாதவனுக்கு எதற்குப் புதுச் சட்டை? வழக்கு அங்கேயே முடிந்தது.

"இங்க கேக்கிற சாட்சியை மட்டும் வச்சு முடிவு பண்ண முடியுமா?" என்று நீதிபதியம்மா கேட்டார்.

பக்கத்து நாற்காலி மார்லிஸ் தயங்கினாள். "எங்க கொட்டகையும் ஒருதடவை எரிஞ்சுது. அது மனசுல வராம இருக்குமான்னு சத்தியமா தெரியலைம்மா."

நன்றி சொல்லி அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

"தாராளமா முடியும்மா" என்றார் ஹாவர்கேம்ப். அவரை ஜூரியில் உட்காரவைத்தார்கள். தன்னைச் சந்தேகிக்கத் தெரிந்தவள் வெளியே, தெரியாதவர் உள்ளே. இதற்குப் பெயர் தேர்வு.

தீப்பிடித்த நேரத்தில் லானி பக்கத்து ஊர் தேவாலயக் கூரைமேல் இருந்தான் என்று பாதிரியாரே வந்து சொன்னபோது, ஹாவர்கேம்ப் அந்தச் சட்டையின் மடிப்புகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை ஜூரி அறையில் கதவைச் சாத்தினார்கள். பதினொரு பேர் விடுதலை என்றார்கள். ஒருவர் மாட்டேன் என்றார். பன்னிரண்டு பேரும் ஒத்துப்போனால்தான் தீர்ப்பு.

"என்னதான் சார் காரணம்?" என்றாள் பள்ளிப் பேருந்து ஓட்டும் ஜோலீன்.

"சட்டை. நம்மளை ஏமாத்தறதுக்குன்னே வாங்கினது."

"அழுக்குச் சட்டையில வந்திருந்தா?"

"கோர்ட்டுக்கு மரியாதை தெரியாதவன்னு அப்பவே புரிஞ்சிருக்கும்."

ஜோலீன் எழுந்து வந்து அவர் காலருக்குப் பின்னாலிருந்து ஒரு குண்டூசியை உருவி மேஜைமேல் வைத்தாள். "இது என்ன சார்?"

"அது வேற விஷயம். இந்தச் சட்டை தீர்ப்பு நாளுக்குன்னு வாங்கினது."

மேற்கொண்டு மூன்று மணி நேரம் அவர் அசையவில்லை. ஐந்து மணிக்குத் தேவாலயக் கூடத்தில் வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்து ஆரம்பம். நாலே முக்காலுக்கு அவர் மனம் இளகியது. லானி வீட்டுக்குப் போனான். பத்து வருஷத்தை அவனுக்குத் திருப்பிக் கொடுத்தது சாட்சியமல்ல, மீன்.

தட்டோடு வரிசையில் நின்றபடி ஹாவர்கேம்ப் சொல்லிக்கொண்டிருந்தார்: "பதினொரு பேரும் அவசரப்பட்டாங்க. நான் ஒருத்தன்தான் நிதானமா யோசிச்சேன்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார் என்று நான் சொன்னபோதே இந்த மனிதரைப் பற்றி முடிவு கட்டிவிட்டீர்கள், இல்லையா? அவர் தரப்பை யாரிடம் கேட்டீர்கள்?

உங்கள் காலரைக் கொஞ்சம் தடவிப் பாருங்கள்.