செந்தட்டிக்குக் கட்டிய வேலி

செடிகளின் ஒழுக்கத்தைப் பார்த்து நீதி வழங்கிய பெருமை, இந்தப் பூமியிலேயே செல்லூர்ப் பக்கத்துப் பூங்கா ஒன்றின் 'அழகுபடுத்தும் குழு'வுக்கு மட்டும்தான் சேரும். எழுபத்தெட்டாம் வருஷம் நடந்தது. நெருங்கி உட்காருங்கள் கண்ணுகளா, இம்புட்டுப் பெரிய அறிவு தினமும் காதில் விழாது.

மழை பெய்து, பூங்கா முழுக்கச் சாரணையும் மூக்கிரட்டையும் பண்ணைக்கீரையும் மண்டிக் கிடந்தன. மலையம்மாள் விடிந்ததும் வந்து கூடை நிறையக் கிள்ளி, தறிக்காரத் தெருக்களில் விற்பாள். விற்றது போக மிஞ்சியதுதான் அவள் வீட்டுக் குழம்பு. மதிலோரம் செந்தட்டியும் இருந்தது. அதை ஆடுகூடத் தொடாது.

குழுத் தலைவர் வீரணன் மூன்று மணிநேரம் 'கள ஆய்வு' செய்தார். நாற்காலியை விட்டு எழாமலே செய்தார். தீர்மானம்: கண்டவரும் பறிக்கும் செடி வெறும் களை, யாரும் கைவைக்காத செடி அலங்காரச் செடி.

கீரையைக் கொத்தி எறிந்தார்கள். செந்தட்டிக்குக் கம்பிவேலி, இரண்டு வேளை தண்ணீர்.

மலையம்மாள் வெறுங்கூடையோடு தலைவரிடம் ஓடி வந்தாள். "அண்ணே, அது செந்தட்டிண்ணே! மேல பட்டா அரிச்சுத் தடிச்சுப்போகும்."

"உனக்கு யாவாரம் போன வயித்தெரிச்சல்."

"வயிறு எரியத்தான் செய்யுது. அதுக்காக அது செந்தட்டி இல்லைன்னு ஆயிருமா?"

"எம்புட்டு அடக்கமா நிக்குது பாரு! உன் கீரை மாதிரி தரையில கெடந்து உருளுதா?"

தோட்டக்காரர் காளை மட்டும் கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டே வேலை பார்த்தார். ஏன் என்று தலைவர் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்ல ஊழியருக்கு 'அதிகாரம்' இல்லை.

அழகுபடுத்திய பூங்காவுக்குத் திறப்பு விழா வந்தது. பூங்காவிலேயே விளைந்த தழையில் மாலை. காளை சாக்கைக் கழற்றாமலே கட்டினார். கழுத்தில் விழுந்த மறு நிமிஷம் சிறப்பு விருந்தினர் சட்டையைக் கழற்றினார். போட்டுவிட்ட தலைவரும் கழற்றினார். இது புதுவகை மரியாதை போலும் என்று கூட்டம் கைதட்டியது.

மறுநாள் மலையம்மாளைக் கூப்பிட்டுத் தலைவர் விசாரணை.

"செடி அரிக்கும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். நாந்தான் சொன்னேனேண்ணே!"

"குத்தத்தை ஒத்துக்கிட்டா. எழுதிக்கோ."

பூங்காவுக்குள் காலெடுத்து வைக்க மலையம்மாளுக்கு ஆயுசுக்கும் தடை. அதற்குப் பிறகு கீரைக்கு ஊருக்கு வெளியே கீழக்குயில்குடி வரை நடந்தாள்.

இன்றைக்கும் பூங்காவில் தின்ன ஓர் இலை கிடையாது. பட்டால் தடிக்கிறது மட்டும் வேலிக்குள் கொழுகொழுவென்று நிற்கிறது. பக்கத்திலேயே நாற்காலி போட்டுக் குழுவும் கூடுகிறது. இரண்டுக்கும் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் நாம்தான், கண்ணுகளா.