பெட்டி அண்ணாச்சியின் சட்டைப்பை அட்டை

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஷார்ஜாவில் முகவரி என்று ஒன்று இருந்ததென்றால், அது பெட்டி அண்ணாச்சியின் தலைக்குள்தான் இருந்தது. வீடு தேடித் தபால்காரர் வராத ஊர் அது. எங்கள் கட்டுமானக் கம்பெனியின் ஆயிரத்துச் சொச்சம் பேருக்கும் ஒரே தபால் பெட்டி எண். அதைத் திறந்து கடிதங்களை அள்ளி வருவதும் ஆபீசுக்கு டீ போடுவதும் அண்ணாச்சியின் வேலை. திருநெல்வேலிக்காரர். நிஜப் பெயர் அவருடைய பாஸ்போர்ட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

ஊரிலிருந்து எழுதுகிறவர்களுக்குத் தெரிந்தது அந்த எண் ஒன்றுதான். ஆளோ இந்த மாதம் சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப், அடுத்த மாதம் ஜெபல் அலி. யார் எந்த கேம்ப், எந்த ரூம் என்று ஒரு தடித்த ரிஜிஸ்டரில் எழுதி வைத்திருப்பார். ஆனால் அதைப் புரட்டுவது அவருக்குக் கௌரவக் குறைச்சல். அடிக்கடி கடிதம் வருகிற எட்டுப் பேரை மட்டும் சின்ன அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். புதிதாக ஒருவர் நுழைந்தால், ரொம்ப நாளாகக் கடிதம் வராதவர் அடிபடுவார்.

"புதுமாப்பிள்ளைகளுக்குத்தாம்ல இதுல எடம்" என்பார்.

எங்களிடம் பதினேழு முருகன்கள் இருந்தார்கள். உறைமேல் வெறும் முருகன் என்றிருக்கும். அண்ணாச்சி, அனுப்பியவரின் ஊரைப் பார்ப்பார், சரியான முருகனிடம் சேர்ப்பார். ஒரு முருகனின் மனைவி எழுதியதை இன்னொரு முருகன் படித்ததாக வரலாறே இல்லை.

நான் சைட்டில் டைம்கீப்பர். ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம் வந்தால் அதிகம். அஞ்சல் வழியில் கம்ப்யூட்டர் படித்து, ஒரே தாளில் இரண்டு முறை கோட்டை விட்டிருந்தேன். ப்ரோகிராம் கேட்கும் முகவரியை ப்ராசஸர் எப்படி மெமரியின் நிஜ இடமாக மாற்றுகிறது என்பது மண்டையில் ஏறவே இல்லை. இது கடைசி வாய்ப்பு. தேறினால் ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை, இல்லாவிட்டால் விசா முடியும்வரை வெயில்.

ஒரு நாள் நான் இருந்த சோனாப்பூர் கேம்ப்பையே மொத்தமாக அல்கூஸுக்கு மாற்றினார்கள். அண்ணாச்சி அட்டையை எடுத்து நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டார்.

"என்ன அண்ணாச்சி, கிழிச்சிட்டீங்க?"

"பழச வச்சிருந்தா தப்பான ஆளுக்குப் போயிரும்லா? ஹலாஸ், அது முடிஞ்சுது. இனி ரிஜிஸ்டரப் பாத்துப் புதுசா எழுதணும்."

எனக்குப் புல்லரித்துவிட்டது. ரிஜிஸ்டர் மாதிரி மெமரியில் பெரிய அட்டவணை, ப்ராசஸருக்குள் சின்ன அட்டை, பதினேழு முருகன்களைப் போல ஒரே முகவரியைக் கேட்கும் இரண்டு ப்ரோகிராம்களுக்கு வெவ்வேறு இடம்! என் புத்தகத்தின் நாற்பது பக்கத்தை இந்த மனிதர் டீ ஆற்றிக்கொண்டே செய்துகொண்டிருந்தார்.

"இதயே கம்ப்யூட்டர் ஒரு செகண்டுல கோடி தடவ செய்யுமாம் அண்ணாச்சி."

"அப்பம் அது எப்பம்ல டீ குடிக்கும்?"

பாடம் புரிந்தது, தபாலில் வரவேண்டிய ஹால் டிக்கெட்டைத்தான் காணோம். தினமும் அண்ணாச்சியிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். துபாயில் பரீட்சைக்கு மூன்றே நாள் இருக்கையில், என்னை அவசரமாக ஃபுஜைரா சைட்டுக்குத் துரத்தினார்கள். யாரிடமும் சொல்லிக்கொள்ளக்கூட நேரமில்லை. அழாத குறை.

மறுநாள் மதியம் தண்ணீர் லாரியிலிருந்து அண்ணாச்சி இறங்கினார். கையில் ஹால் டிக்கெட்.

"நான் இங்க இருக்கேன்னு எப்படித் தெரியும்?"

சட்டைப்பையிலிருந்து புது அட்டையை எடுத்துக் காட்டினார். முதல் வரியில் என் பெயர். அல்கூஸ் அடிக்கப்பட்டு, ஃபுஜைரா.

"ரிஜிஸ்டர்ல நீ இன்னும் அல்கூஸ்லதாம்ல கெடக்க. நேத்தே ஒன்னக் கொண்டுவிட்ட டிரைவர்ட்ட கேட்டு இதுல மாத்திட்டேன்."

"எனக்குத்தான் கடுதாசியே வராதே, அண்ணாச்சி?"

"இது வரும்லா? அதான் எடம் போட்டு வச்சேன்."

தேறிவிட்டேன். எட்டே எட்டு இடமுள்ள அந்த அட்டையில் எனக்காக எந்தப் புதுமாப்பிள்ளையை அடித்தாரோ, இன்றுவரை தெரியாது. அந்த மாப்பிள்ளை என்னை மன்னிக்கட்டும். அண்ணாச்சியை நினைத்தால் எனக்கு இப்போதும் கண் கலங்குகிறது.