தொண்ணூற்றேழிலேயே நிற்கிறது, மாப்பிள்ளை

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை டாக்டர் அவர்களுக்கு, மச்சான் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் பல் கிளினிக்கும் சௌக்கியம். கிளினிக்கின் சௌக்கியம் பற்றி மட்டும் கீழே கொஞ்சம் விவரமாக எழுத வேண்டியிருக்கிறது. அங்கு நீங்களும் தங்கச்சியும், பெற்றுப் பிழைத்த மகளும், புதுப் பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குழந்தைக்கு அப்படியே உங்கள் மூக்கு என்று தங்கச்சி சொன்னாள். வளர வளரச் சரியாகிவிடும், கவலைப்படாதீர்கள்.

கட்டடம் தீப்பிடித்தால் ஒழிய போன் செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். தீப்பிடிக்கவில்லை. அதனால்தான் கடிதம்.

எக்ஸ்ரே அறைக்குப் பின்னால், துடைப்பமும் வாளியும் வைக்கிற இடத்தில் இருக்கிறதே அந்தப் பழைய சர்வர் பெட்டி, அது புதன்கிழமையிலிருந்து முனக ஆரம்பித்தது. யாரோ நோயாளிதான் முனகுகிறார் என்று நினைத்து நான் நாற்காலி வரைக்கும் போய்ப் பார்த்தேன், அங்கே யாரும் இல்லை. உடனே, நம் கம்ப்யூட்டர்களைப் பழுது பார்க்கிற கம்ப்யூட்டர் அம்மாவை வரவழைத்தேன். அவர் பெட்டியில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "ஒரு டிஸ்க் ஏற்கெனவே போயிடுச்சு சார், இன்னொண்ணு போகப்போகுது. அதுவும் போச்சுன்னா மொத்த எக்ஸ்ரேயும் போச்சு" என்றார். யாருக்கு எந்தப் பல்லில் சிகிச்சை பாதியில் நிற்கிறது என்பதெல்லாம் அதற்குள்தானே இருக்கிறது! நகல் இல்லையா என்று கேட்டேன். நகலும் அதே பெட்டிக்குள்தானாம். அது யார் யோசனை என்று நான் கேட்கவில்லை. உங்களுடையது என்று அவராகவே சொன்னார்.

நல்லவேளை, நீங்கள் வாங்கி வைத்த புதுப் பெட்டி, ரிசப்ஷன் பெண் கால் நீட்டி வைத்துக்கொள்ளும் அட்டைப்பெட்டிக்குள்ளேயே பத்திரமாக இருந்தது. சனிக்கிழமை காலையில் கம்ப்யூட்டர் அம்மா இரண்டையும் ரிசப்ஷனில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒயர் கொடுத்தார். பழைய பெட்டிக்குள் உடம்பே இல்லாத மூன்று கம்ப்யூட்டர்கள் குடியிருக்கின்றனவாம், வெர்ச்சுவல் மிஷின் என்று பெயராம். அப்பாயின்ட்மென்டுக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, எக்ஸ்ரேக்கு ஒன்று. சின்னது இரண்டும் சாமான்களோடு சீக்கிரமே புதுப் பெட்டிக்குப் போய்விட்டன. எக்ஸ்ரே மிஷினுக்குத்தான் சாமான் அதிகம். "மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிரும் சார். யாரும் எதையும் நிறுத்த வேணாம், நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க" என்றார்.

மாப்பிள்ளை, நான் கிடங்கில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கடையைத் திறந்து வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர் சரக்கு வாங்கிக்கொண்டிருக்கும்போதே கிடங்கை இடம் மாற்றுகிற வேலையை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை. அதை விடுங்கள். அங்கே சரக்கு ஏற ஏற இங்கே குறைய வேண்டுமா இல்லையா? திரையில் பார்த்தால் பழைய பெட்டியில் ஒரு பொட்டுகூடக் குறையவில்லை. "ஏம்மா, இது என்னம்மா அநியாயம்?" என்றேன். "காப்பிதான் சார் போகுது. முழுசாப் போய்ச் சேர்ந்து, சரியா இருக்கான்னு பார்த்துட்டு அப்புறம்தான் இங்க அழிப்பேன்" என்றார். அழிப்பேன் என்ற வார்த்தையைக் கேட்டதும் ஆடிப்போய்விட்டேன். மாப்பிள்ளையின் கையெழுத்து இல்லாமல் இந்தக் கட்டடத்தில் ஒரு துரும்பைக்கூட யாரும் அழிக்கக் கூடாது என்று எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். என் பொறுப்பில் விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள், நாளைக்கு நான் உங்கள் முகத்தில் விழிக்க வேண்டாமா?

சரக்கு இடம் மாறும்போது சாட்சி வேண்டும் என்பது எங்கள் கிடங்கு வழக்கம். ஆகவே நானே ஸ்டூலில் ஏறி, கிளினிக்கின் மூன்று கேமராக்களையும் கழற்றிக்கொண்டு வந்து இரண்டு பெட்டிகளையும் பார்க்கத் திருப்பி வைத்து, இடைவிடாமல், இருப்பதிலேயே தெளிவான படமாகப் பதியும்படி செய்தேன். பதிவெல்லாம் எங்கே போகும் என்று ரிசப்ஷன் பெண்ணிடம் கேட்டேன். "எக்ஸ்ரே இருக்கிற மிஷினுக்குத்தான் சார்" என்றாள். எக்ஸ்ரேயோடு எக்ஸ்ரேயாகப் பத்திரமாக இருக்கும் என்று நிம்மதியாக உட்கார்ந்தேன்.

மத்தியானம் வந்தது. தொண்ணூற்றேழு சதவீதம். டீ வந்தது. தொண்ணூற்றேழு. பழைய பெட்டி முனகலை விட்டுவிட்டுக் கறகறவென்று அரைக்க ஆரம்பித்தது. கம்ப்யூட்டர் அம்மாவுக்கே வியர்த்துவிட்டது. "யாரோ உள்ளே எழுதிக்கிட்டே இருக்காங்க சார். நான் கொண்டுபோற வேகத்துக்குப் புதுசா வந்து ரொம்பிக்கிட்டே இருக்கு" என்றார். அப்படியா சேதி! ஆள் யாரென்று கண்டுபிடிக்க எழுந்துவிட்டேன். உங்களுக்குப் பதிலாக நோயாளிகளைப் பார்க்கும் சின்ன டாக்டர் எக்ஸ்ரே எடுக்கக் கூடாது என்று தடை போட்டேன். கன்னம் வீங்கி வந்த ஒரு பெரியவரைத் திங்கட்கிழமை வரச் சொன்னேன். அவர் போகும்போது என்னைப் பற்றி ஏதோ சொன்னார், வீக்கத்தினால் சரியாகப் புரியவில்லை. ரிசப்ஷன் பெண்ணின் கீபோர்டைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். "நான் எதுவுமே பண்ணலையே சார்!" என்று அழாத குறையாக நின்றாள். நடிப்பு! கையும் களவுமாகப் பிடிக்க, என் போனையும் என் வீட்டு டேப்லெட்டையும் சேர்த்துக் கேமராவாக்கி, அந்தப் பதிவும் அங்கேயே போகும்படி அவளையே செய்யச் சொன்னேன். ஐந்து கேமரா! இப்போது தொண்ணூற்று நான்கு. முன்னால் போனது பின்னால் வருகிறது மாப்பிள்ளை!

ஆக, என் முடிவு இதுதான். உள்ளுக்குள்ளேயே யாரோ வேண்டுமென்று செய்கிறார்கள். ரிசப்ஷன் பெண்ணை வேலையை விட்டு நிறுத்திவிட உங்கள் அனுமதி வேண்டும். கம்ப்யூட்டர் அம்மாவையும் இனிமேல் கூப்பிட வேண்டாம். பெட்டி அரைக்கிற அரைப்பில் எனக்கு எழுத்தே ஆடுகிறது. எக்ஸ்ரேக்கள் போய்விட்டால், நீங்கள் திரும்பி வரும்போது நான் இந்த ஊரில் இருக்க மாட்டேன்.

தங்கச்சிக்கும் மகளுக்கும் என் ஆசிகள். பேத்தி பல் முளைக்கிற வயதுக்கு வரும்போது தாத்தாவின் கிளினிக் இருக்கட்டும் என்று மனதார வாழ்த்தும்,

உங்கள் மச்சான்.

பின்குறிப்பு: மேலே கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது, கம்ப்யூட்டர் அம்மா ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தக் கேமரா எல்லாம் எங்க சார் பதியுது?" என்றார். சொன்னேன். அவர் உடனே ஐந்தையும் பிடுங்கினார். நான் பேனாவை மூடுவதற்குள் நூறு! புதுப் பெட்டியில் எல்லா எக்ஸ்ரேயும் ஒழுங்காகத் திறக்கிறது, பழையது பெரிதாக ஒருமுறை கறகறத்துவிட்டு ஓய்ந்துவிட்டது. சந்தோஷத்தில் நான் அழுதுவிட்டேன் மாப்பிள்ளை, சொல்ல என்ன வெட்கம். கடிதத்தைக் கிழிக்கலாம் என்றால், எழுதின தாளைக் கிழிக்கக் கிடங்குக் கை வர மறுக்கிறது. வேலையை விட்டு யாரையும் நிறுத்த வேண்டாம். கீபோர்டைத் திருப்பிக் கொடுத்து, தெரியாமல் செய்துவிட்டேன் என்றும் சொல்லிவிட்டேன்.

ஒரே ஒரு சங்கடம். கேமரா பதிவுகளும் ஒரு நொடி விடாமல் பத்திரமாகப் புதுப் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. ரிசப்ஷன் பெண் போட்டுக் காட்டினாள். ஐந்து கேமராவிலும் ஒரே ஆள்தான் வந்து வந்து போகிறான், அது நான். பெரியவரை விரட்டுகிறேன், கீபோர்டைப் பிடுங்குகிறேன், ஸ்டூலிலிருந்து ஒருமுறை விழவும் செய்கிறேன். சின்ன டாக்டர் மூன்றாவது தடவையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "அழிச்சிடும்மா" என்றேன். "டாக்டர் கையெழுத்து இல்லாம துரும்பைக்கூட அழிக்கக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?" என்கிறாள். ஆகவே மாப்பிள்ளை, மேலே எழுதியது எதையும் படிக்க வேண்டாம். கீழே கோடு போட்டிருக்கிற இடத்தில் ஒரு கையெழுத்து மட்டும் போட்டு, உடனே திருப்பி அனுப்பவும்.